மதினி ஒப்புக்கொடுத்த கடைவாய்ப்பல்

எங்கள் மதினி சவரியம்மாவுக்குத் தலைவலி வந்தால் தோட்டத்தில் இரண்டு வீட்டுக்காரர்களாவது சந்தோசப்படுவார்கள். இதைக் கேட்டுவிட்டு மதினியைப் பொல்லாத பொம்பளை என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு எப்போது தலைவலி வரும் என்று காத்துக்கிடக்கும் அளவுக்கு எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். எப்படி என்று சொல்கிறேன், அவசரப்படுத்தக் கூடாது. நான் தையற்காரன், அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டேன்.

மாத்தளையிலிருந்து பல்லேபொல போகிற பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே மதினிக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை. என் அண்ணன் ராஜநாயகத்துக்கு வாழ்க்கைப்பட்டு அந்தத் தோட்டத்துக்கு வந்தவர். என் பெயர் நோபர்ட். அட்டை கடிக்கிற வேலை எனக்கு ஒத்துவராது என்று மாத்தளை டவுனுக்கு இறங்கி, ஸெய்னுலாப்தீன் நாநாவின் புடவைக்கடை விறாந்தையில் மெசினைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மதினி டவுனுக்கு வருவார். அவர் வராவிட்டால் நான் மேலே போவேன். மதினியைக் கேலி பண்ணக் கொழுந்தனுக்கு ஊரே உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமையை நான் ஒரு வாரமும் வீணாக்கியதில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அடுத்த வருசம், நாற்பத்தொன்பதில், எல்லாம் தொடங்கியது. கொதிக்கிற கஞ்சிப்பானை காலில் கவிழ்ந்து, முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து, மதினி மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். நோயாளிகளைப் பார்க்க வந்த பாதிரியார், எங்கள் கோயில் சாமி, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "அம்மா, இந்த வேதனையை வீணாக்காதே. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக ஒப்புக்கொடு," என்றார்.

கத்தோலிக்க வேதக்காரர் அல்லாதவர்களுக்காக இதை விளக்கிவிட வேண்டும். மோட்சத்துக்குப் போகிற அளவுக்குச் சுத்தமும் இல்லை, நரகத்துக்குப் போகிற அளவுக்கு அழுக்கும் இல்லை என்ற ஆட்கள்தானே நம்மில் முக்கால்வாசிப் பேர்? செத்த பிறகு அப்படிப்பட்டவர்கள் கிடந்து வெந்து சுத்தமாகிற இடம்தான் உத்தரிக்கிற ஸ்தலம். இங்கே உயிரோடு இருக்கிற நாம் நமக்கு வருகிற கஷ்டத்தை முணுமுணுக்காமல் அவர்களுக்காக ஆண்டவரிடம் கொடுத்தால் அவர்களுடைய வேதனை குறையும். இது எங்களுக்குச் சின்னப்பிள்ளையிலேயே சொல்லித் தந்தது. எல்லோரும் கேட்டோம், தலையாட்டினோம், மறந்தோம். மதினி மட்டும் சாமியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த ஆத்துமாவுக்குன்னு பேரு சொல்லணுமா சாமி?"

சாமிக்கு அடுத்த கட்டிலுக்குப் போகிற அவசரம். "சொன்னால் நல்லதுதான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு சொல் போதாதா? காலில் பட்ட கஞ்சியைத் தன் தாயாருக்குக் கொடுத்தார். கத்தி வழுக்கிக் கையைக் கிழித்தது, அது தாய்மாமனுக்கு. தேள் கொட்டியபோது, செத்துப்போன பெரிய கங்காணிக்குக் கொடுத்துவிட்டு, "அவருக்கு அதுதான் சரியா இருக்கும்," என்றார். பிள்ளைப்பேறு பார்க்கிற கிழவி செத்தபோது வெறும் தடுமனை ஒப்புக்கொடுத்தார். "நல்ல மனுசி. தடுமனே போதும்." இப்படி ஆளுக்கு ஏற்ற வலி, பாவத்துக்கு ஏற்ற குத்து என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். நான்கூட ஒரு சட்டைக்கு அவ்வளவு அளவெடுத்ததில்லை.

விசயம், ஒற்றை அறைக் காம்பிராக்கள் வரிசையாக ஒட்டிக்கிடக்கிற லயம் முழுவதும் பரவியது. வேதக்காரர்கள் மட்டும் வரவில்லை. அடுத்த காம்பிராக்காரி மாரியம்மன் கோயிலுக்குத் தேர் பார்க்கப் போகிறவள். அவளும் வந்தாள்.

"எங்கப்பனுக்கும் ஒண்ணு குடுங்க அக்கா."

"ஒங்கப்பாரு ஞானஸ்நானம் வாங்கலியேடி."

"அதுனால என்னா? அவருக்கும் சுடுமில்ல?"

மதினி யோசித்துப் பார்த்தார். அவருக்கும் சுடும் என்றுதான் பட்டது. அந்த வாரத்து இடுப்புப் பிடிப்பு அவள் அப்பனுக்குப் போனது. இதைச் சாமியிடம் சொல்ல வேண்டாம் என்று எனக்கு உத்தரவு.

ஸெய்னுலாப்தீன் நாநாவுக்கு இந்தக் கதை என்றால் வெற்றிலை போடுவதுபோல. மதினி கடைப்பக்கம் வந்தால் விடமாட்டார். "எங்கட வாப்பாவுக்கு நாங்க துஆ கேக்குறோம் சவரியம்மா, அது போதும். ஆனா இந்த நோபர்ட் கண்ண மூடி மௌத்தாகினா உங்கட ஒரு வலி காணாது. முழுத் தோட்டமும் சுகமில்லாமப் படுக்கணும்," என்பார். மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அதுதான் ஆச்சரியம். மதினியின் முகத்தில் சிரிப்பு எப்போதும் இருந்தது. மற்றவர்கள் ஒரு முள் குத்தினாலும் ஒப்பாரி வைப்பார்கள். இவர் காய்ச்சலில் கிடந்துகொண்டு, போர்வைக்குள்ளிருந்து, "வா தம்பி, டவுன்ல என்னா புதினம்?" என்று கேட்பார். நான் சும்மா இருப்பேனா? "என்ன மதினி, மொகத்தப் பாத்தா ஒரு வலியும் இல்லாத மாதிரி இருக்கு. இந்த வாரம் ஆத்துமாக்களுக்குப் பட்டினியா?" என்பேன். அவருக்கு ரோசம் வந்துவிடும். "இருக்கு, இருக்கு. மொழங்கால் நல்லாத்தான் குத்துது," என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, தன் பெருமையை நினைத்துத் தானே சிரிப்பார்.

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் என்பதற்காக மூடி மறைக்க மாட்டேன். ராஜநாயகம் கள்ளத்தனமாகக் காய்ச்சுகிற கசிப்புக் குடிப்பான். குடித்தால் சட்டி பானை உடையும். சில நாள் மதினிமேல் கையும் நீட்டுவான். ஆனால் எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே மலேரியாவில் போன பிறகு, அரைக்கால் சட்டைப் பையனாக இருந்த காலத்திலேயே மலையில் வேலைக்கு இறங்கி எனக்குச் சோறு போட்டவனும் அவன்தான். என்னை டவுனுக்கு அனுப்பித் தையல் பழக வைத்தவனும் அவன்தான். அவனை நல்லவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கெட்டவன் என்று யாராவது சொன்னால் கை ஓங்கிவிடுவேன்.

ஹர்த்தால் நடந்த ஐம்பத்து மூன்றாம் வருசம், மழைக்காலத்தில், குடித்துவிட்டு வந்தவன் ரப்பர் மரத்தடியிலேயே விழுந்து கிடந்தான். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. சாமியைக் கூட்டி வர ஆள் போனது, ஆனால் ஓயா பெருகி ஆற்றுத் தண்ணீர் ரோட்டுக்கு மேலே ஓடியது. சாமி வந்து சேர்ந்தபோது அண்ணன் போய்விட்டான். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகும் நேரத்தில் எண்ணெய் பூசுகிற அவஸ்தைபூசுதல் இல்லை. குடித்த வாயோடு போனான். அவன் நரகத்தில் இருக்கிறான் என்று நினைக்க என்னால் முடியவில்லை. அப்படியென்றால் உத்தரிக்கிற ஸ்தலத்தில்தான் இருக்க வேண்டும், அதுவும் அடுப்புக்கு மிகப் பக்கத்தில்.

நான் காத்திருந்தேன். ஊரில் உள்ள பிணத்துக்கெல்லாம் வலி கொடுக்கிற மதினி, சொந்தப் புருசனுக்குக் கொடுக்காமலா இருப்பார்? முப்பதாம் நாள் பூசை முடிந்தது. அவருக்குக் கழுத்துச் சுளுக்கு வந்தது. யாருக்கு என்று கேட்டேன். லயத்தில் இருக்கிற மரியாயி என்பவளின் சித்தப்பனுக்காம். அடுத்து வயிற்றுவலி, அது பழைய உபதேசியாருக்கு. வருசம் ஒன்று போனது, இரண்டு போனது. ஒவ்வொரு ஞாயிறும், "இந்த வாரம் யாருக்கு மதினி?" என்று கேட்பேன். பேர்கள் வரும். ராஜநாயகம் என்ற பேர் மட்டும் வராது.

புருசன் பேரைச் சொல்ல வெட்கப்படுகிறாரோ என்று ஒரு சந்தேகம். நம் பொம்பளைகள் அரிசிக் கூப்பன் கடையில் புருசன் பேர் கேட்டாலே பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்கிறவர்கள்தானே. "பேரு வாயில வரலன்னா நான் சொல்லித் தரட்டா மதினி? மொதல்ல ரா, அப்புறம் ஜ..." என்றேன். அகப்பை பறந்து வந்தது. தலையைக் குனிந்ததால் தப்பினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார், பேர் மட்டும் வரவில்லை.

இன்னொரு நாள், "ஊருக்கெல்லாம் குடுக்குறீங்க, வீட்டுக்கு ஒண்ணுமில்லியா?" என்று இழுத்துப் பார்த்தேன். "ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தம் புள்ள தானா வளரும் தம்பி," என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டார்.

அப்போது எனக்குப் புரிந்துபோனதாக நினைத்தேன். மதினிக்குக் கோபம் ஆறவில்லை. ஆறாவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா? அடி வாங்கியது அவர் முதுகு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். இதைக் கேட்க நான் யார் என்று வாயை மூடிக்கொண்டேன். கேலி பேசுவதை மட்டும் விடவில்லை. ஆனாலும் பூசையில் ஆத்துமாக்களுக்காக மணி அடிக்கும்போதெல்லாம், என் அண்ணனுக்கு யாருமே இல்லையே என்று தோன்றும். நான் ஒப்புக்கொடுக்கலாம்தான். எனக்கு ஊசி குத்தினாலே கெட்ட வார்த்தை வந்துவிடுகிறது. அது எங்கே போய்ச் சேரும்?

அறுபத்தோராம் வருசம் ஒக்டோபரில் மதினியின் வலப்பக்கத்துக் கடைவாய்ப்பல் வலிக்கத் தொடங்கியது. பல்வலி என்றால் சாதாரணப் பல்வலி இல்லை. தோட்டமே கூடிவிட்டது. நவம்பர் இரண்டாந் தேதி கல்லறைத் திருநாள், அது ஆத்துமாக்களின் நாள். அந்த நேரம் பார்த்து இப்படி ஒரு வலி வந்தால் விடுவார்களா? கடைசிக் காம்பிரா மரியாயி தன் தாயாருக்காக முதலில் வந்து சொல்லிவிட்டாள். அடுத்த காம்பிராக்காரி இடுப்புப் பிடிப்பு போதவில்லை, அப்பன் கனவில் வந்து தண்ணீர் கேட்டான் என்றாள். பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது இரண்டு பேருக்கும் சண்டை.

"பல்லு எங்கம்மாவுக்கு. இருமல் வந்தா நீ எடுத்துக்க," என்றாள் மரியாயி.

"இருமல ஒங்கம்மாவுக்கே வச்சுக்க."

மதினிதான் தீர்த்து வைத்தார். பகல் வலி மரியாயியின் தாயாருக்கு, இரவு வலி அடுத்த காம்பிராக்காரியின் அப்பனுக்கு. கல்லறைத் திருநாள் வரைக்கும் இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

நாநாவின் மனைவி றாபியா இதைக் கேட்டுப் பதறி, ஒரு சின்னப் போத்தலில் கராம்பு எண்ணெய் கொடுத்தனுப்பினார். அதை எடுத்துக்கொண்டு மேலே போனேன். மதினியின் கன்னம் ஒரு பக்கம் பேக்கரிப் பணிஸ் மாதிரி ஊதிக் கிடந்தது. போத்தலை வாங்கி, மோந்து பார்த்து, "நல்ல வாசம்," என்று மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"பூசுங்க மதினி."

"ரெண்டாந் தேதிக்கு அப்புறம் பூசுறேன். இப்பப் பூசினா வலி கொறஞ்சுடும்ல?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "கொறையட்டும். அதுக்குத்தான் மருந்து. வாங்க, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புடுங்கிடலாம்."

"புடுங்கிட்டா குடுத்த வாக்கு என்னாகுறது தம்பி?"

"அவங்க செத்துட்டாங்க மதினி. காத்திருப்பாங்க. நீங்க இன்னும் சாகல."

மதினி ஊதின கன்னத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. சோறுகூடத் தின்னாமல் இறங்கிவிட்டேன்.

நேரே கோயிலுக்குப் போனேன். கஞ்சி கவிழ்ந்த காலத்துச் சாமி மாற்றலாகி, வயது குறைந்த புதுச் சாமி ஒருவர் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், இடுப்புப் பிடிப்பு உட்பட. அவர் முதலில் வாயைப் பிளந்தார், பிறகு சிரித்தார், பிறகு அவர் முகம் மாறியது. "வந்த சிலுவையைச் சந்தோசமாகச் சுமக்கலாம். மருந்து இருக்கிற சிலுவையைப் பொத்திப் பொத்தி வளர்க்கக் கூடாது. அது பக்தி இல்லை, முட்டாள்தனம். உடனே பல்லைப் பிடுங்கச் சொல். பிடுங்கும்போதும் வலிக்கும், அதைக் கொடுக்கட்டும்," என்றார். சாமியே சொன்ன பிறகு மதினியால் தட்ட முடியாது. மறுநாள் காலையில் மேலே போவதாக இருந்தேன்.

மறுநாள் காலையில் தோட்டத்து லொறி கடைவாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்காமலேயே, "நோபர்ட், ஒங்க மதினி மலையில விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில எறக்கிட்டு வர்றேன்," என்றார். பால் வெட்டிக்கொண்டிருக்கும்போது காய்ச்சல் தூக்கி அடித்து, தாடை பூட்டிக்கொண்டு, ஆள் நினைவில்லாமல் சரிந்திருக்கிறார். ரப்பர் சீற்றுக் கட்டுகளுக்கு நடுவில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்களாம். நான் தைத்துக்கொண்டிருந்த துணியை ஊசியோடு விட்டுவிட்டு ஓடினேன். ஸெய்னுலாப்தீன் நாநாவும் கடையை அப்படியே போட்டுவிட்டு என் பின்னால் வந்தார்.

பல்லின் விசம் கழுத்துக்கு இறங்கிவிட்டது என்றார் டொக்டர். பல்லைப் பிடுங்கி, தாடைக்குக் கீழே வெட்டிச் சீழை எடுத்தார்கள். பிழைப்பது கடவுள் கையில் என்றார்கள். விறாந்தையில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து செபமாலை உருட்டினேன். எனக்கு இரண்டு பயம். மதினி செத்துவிடக் கூடாது என்பது ஒன்று. எனக்கு அவரைவிட்டால் வேறு சொந்தம் கிடையாது. மற்றது அண்ணனைப் பற்றியது. மதினி மன்னிக்காமலேயே போய்விட்டால், அவனுக்காக இந்தப் பூமியில் பேச யார் இருப்பார்கள்?

காய்ச்சல் இறங்கக் கொஞ்ச நாள் பிடித்தது. மதினி கண் விழித்தார். பாதி முகத்தில் கட்டு. மீதிப் பாதியால் பேசினார்.

"புதுச் சாமிகிட்டப் போய் ஒப்பிச்சிருப்பியே, அவரு என்னா சொன்னாரு?"

"ஏசினாரு. முட்டாள்தனம்னு சொன்னாரு."

"ம். கொஞ்சம் முட்டாள்தனந்தான்," என்று ஒத்துக்கொண்டார். கட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஆனா வெட்டுன எடம் பெரிய வலியா இருக்கு தம்பி. இப்பிடி ஒண்ணு எனக்கு வந்ததே இல்ல. யாருக்காவது வேணுமா?"

வாயை மூடிக்கொண்டிருந்த வருசங்கள் எல்லாம் ஒரேயடியாகத் திறந்துவிட்டன. "எங்க அண்ணனுக்குக் குடுங்க மதினி," என்றேன். "ஊரெல்லாம் குடுத்தீங்க. தேள்கடிய கங்காணிக்குக் குடுத்தீங்க. அவனுக்கு ஒரு தலைவலிகூட நீங்க குடுக்கல. அவன் செஞ்சது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

 மதினி மாட்டேன் என்று தலையசைத்தார்.

"ஒங்க அண்ணனுக்கு நான் வலி குடுக்க மாட்டேன் தம்பி."

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு என்னய அடிச்சாரு. அது தப்பு. அந்த அடிய நான் யாருக்கும் ஒப்புக்கொடுக்கல, அதுல புண்ணியமும் தேடல. ஆண்டவருகிட்ட நேரா கோவிச்சுக்கிட்டேன். செத்ததுக்கு அப்புறமும் கோவமாத்தான் இருந்தேன். அப்புறம் ஒரு நாள் யோசிச்சேன். அவரு இருக்குற எடத்துல வலிக்கா பஞ்சம்? நான் வேற கொண்டுபோய்க் கொட்டணுமா?" கன்னத்துக் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு கேக்குறேன். குடிக்காம இருக்கும்போது ஒங்க அண்ணன் சிரிச்சு நீ பாத்திருக்கியா?"

நினைத்து நினைத்துப் பார்த்தேன். சோறு போட்டது நினைவு வந்தது, என் கையில் கத்தரிக்கோலை வாங்கிக் கொடுத்தது நினைவு வந்தது. சிரித்தது வரவில்லை.

"நானும் பாத்ததில்ல," என்றார் மதினி. "அவருக்கு இல்லாதது அதுதானே? அதுனால எனக்கு வர்ற சிரிப்ப எல்லாம் அவருக்குன்னு ஒதுக்கிட்டேன். வலி ஊருக்கு, சந்தோசம் அவருக்கு. பேரு சொல்றதில்ல. 'அந்தாளுக்கு'ன்னு சொன்னா ஆண்டவருக்குத் தெரியாதா?"

 மதினி மேலே சொன்னார்.

"ஒத்தப் பொம்பளைக்கு ரப்பர் மலையில சிரிப்பு சும்மா வருமா? தேடித்தான் புடிக்கணும். காய்ச்சல்ல கெடந்தாலும் எங்கயாவது ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், பொறுக்கி எடுப்பேன். ஆனா பெரிய வரும்படி நீதான். ஞாயித்துக்கெழம வந்து எதையாவது ஒளறுவ பாரு, அத வச்சு அந்த வாரம் அவருக்கு ஓடிடும். நீ கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போனியே, அந்த வாரந்தான் அவரு பட்டினி."

நான் அழுதேன். வாட்டில் கிடந்த நோயாளிகள் எல்லோரும் பார்க்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். எட்டு வருசமாக என் அண்ணனுக்கு யாருமில்லை என்று நினைத்திருந்தேன். அவனுக்குச் சோறு அனுப்பிக்கொண்டிருந்தது என் வாய்தான் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

"அழாத," என்றார் மதினி. "அழுகை அவருக்கு வேணாம். எதையாவது சொல்லு."

"சிரிச்சா தையல் இழுக்குமே மதினி."

"இழுக்கட்டும். அந்த வலிய மரியாயி அம்மாவுக்குக் குடுத்துடுறேன். சொல்லு."

  முகத்தைத் துடைத்தேன். 

"நம்ம லயத்துல ஒரே அழுகை மதினி."

"ஏனாம்?"

"நீங்க செத்துட்டா ஒங்களுக்கு யாரு வலி குடுக்குறதுன்னு தோட்டம் பூரா கேட்டுப் பாத்தாங்களாம். ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லியாம். மூணு வருசமா முதுகு வலின்னு படுத்துக் கெடந்த ஆளுகூட எந்திரிச்சு மம்பட்டி எடுத்துட்டாராம்."

மதினி கட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். வலியில் கண்ணீர் வழிந்தது, கட்டில் ஆடியது. நர்ஸ் அம்மா ஓடி வந்து, தையல் விட்டுவிடும், நோயாளியைச் சிரிக்க வைக்கிறதானால் வெளியே போ என்று சிங்களத்தில் ஏசினார். சரி சரி என்று தலையாட்டினேன். அவர் அந்தப் பக்கம் போனதும் கட்டிலுக்கு இன்னும் கிட்டப் போய் உட்கார்ந்து, என் அண்ணனுக்காக அடுத்ததைச் சொல்லத் தொடங்கினேன்.